பூ விழாத நாணயம்: ஸ்டாப்பார்டின் இரு துணைப்பாத்திரங்களும் அவர்களுடைய குழப்பமும்

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ரோசன்க்ரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் என்னும் இருவருக்கு விதிக்கப்பட்ட வேலை மிகக் குறைவு. டென்மார்க்கின் அரசன் கிளாடியஸ், தன் அண்ணன் மகன் ஹாம்லெட்டின் போக்கு ஏன் மாறிப்போயிற்று என்று வேவு பார்ப்பதற்காக, அவனுடைய இளமைக்காலத் தோழர்களான இவர்களை எல்சினோர் அரண்மனைக்கு வரவழைக்கிறான். வந்தவர்கள் துருவிக் கேட்கிறார்கள், ஹாம்லெட் பிடிகொடுக்காமல் நழுவுகிறான். பின்னர் அவனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு, முத்திரையிட்ட ஒரு கடிதத்தோடு இவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஹாம்லெட்டின் தலையைக் கொய்யுமாறு இங்கிலாந்து மன்னனைக் கேட்டுக்கொள்ளும் அந்தக் கடிதத்தைக் கப்பலில் இரவோடு இரவாக எடுத்துப் படித்துவிடும் ஹாம்லெட், கொண்டுவருபவர்களையே கொன்றுவிடும்படி வேறொரு கடிதம் எழுதி, அதை முதலாவது இருந்த இடத்தில் வைத்துவிடுகிறான். கடைசிக் காட்சியில் அரச குடும்பமே பிணமாகக் கிடக்கும் மண்டபத்துக்குள் நுழையும் இங்கிலாந்துத் தூதர், இருவரும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தியை ஒரே வரியில் அறிவிக்கிறார். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய அரசன் அப்போது உயிருடன் இல்லை. இறந்தவர்களுக்காக அந்த மண்டபத்தில் எவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதும் இல்லை.

தூதர் சொல்லும் அந்த ஒரு வரியையே தலைப்பாகக் கொண்டு, அந்த இருவரையும் மேடையின் நடுவில் நிறுத்தி டாம் ஸ்டாப்பார்ட் எழுதிய ‘ரோசன்க்ரான்ட்சும் கில்டன்ஸ்டெர்னும் இறந்துவிட்டார்கள்’ என்ற நாடகம், 1966ஆம் ஆண்டு முதல் மேடையிலும் வகுப்பறையிலும் திறனாய்வு நூல்களிலும் இடைவிடாமல் பேசப்பட்டு வருகிறது. இந்தப் பேச்சில் ‘குழப்பம்’, ‘நிச்சயமின்மை’ என்ற இரண்டு சொற்கள் ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் தட்டுப்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு மனிதனின் பொது மனநிலையைக் குறிக்கும் பொத்தாம்பொதுவான சொற்களாகவே வந்துபோகின்றன. நாடகத்தை உற்றுப் படித்தால் தெரியவருவது வேறு. அங்குள்ள குழப்பம் உலகத்தைப் பற்றிய பொதுவான மூட்டமன்று. இன்னொருவர் எழுதிவைத்த கதையில், அந்தக் கதைக்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டுமே தகவல் கொடுக்கப்பட்ட இரண்டு பேருக்கு, அவர்கள் நிற்கும் இடத்தினால் நேரும் துல்லியமான குழப்பம் அது. பார்வையாளருக்கு எல்லாம் தெரியும். முடிவு தலைப்பிலேயே இருக்கிறது. தெரியாதவர்கள் அந்த இருவர் மட்டுமே.

இந்த இடைவெளிக்கான விதை ஷேக்ஸ்பியரிடமே இருக்கிறது. தாங்கள் சுமந்துசென்ற கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு ‘ஹாம்லெட்’ விடை தருவதில்லை. தெரிந்தே சென்றிருந்தால் அவர்கள் கொலைக்கு உடந்தை. தெரியாமல் சென்றிருந்தால் காவு கொடுக்கப்பட்ட அப்பாவிகள். ஹாம்லெட்டோ அவர்களுடைய சாவு தன் மனச்சாட்சியை உறுத்தவில்லை என்று தன் நண்பன் ஹொரேஷியோவிடம் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறான். அவர்களுடைய பெயர்கள்கூட நிலையாக இருந்ததில்லை. 1603இல் வெளியான முதல் அச்சுப் பிரதியில் அவர்கள் ராசன்கிராஃப்ட், கில்டர்ஸ்டோன் என்று வருகிறார்கள். நமக்குப் பழகிய இரண்டு பெயர்களும் டென்மார்க்கின் பழைய பிரபுக் குடும்பங்களுடையவை; வானியலாளர் டைக்கோ பிராகேயின் உருவப்படத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்ட மூதாதையர் மரபுச் சின்னங்களில் அவ்விரு குடும்பப் பெயர்களும் இடம்பெற்றிருக்கின்றன. இரண்டாம் அங்கத்தில் அரசன் நன்றி சொல்லும்போது ஒரு வரிசையில் அவர்களை விளிக்க, அரசி உடனே அதே வரியைப் பெயர்களை முன்பின்னாக மாற்றிச் சொல்கிறாள். யார் யார் என்று அரசனுக்குத் தெரியாமல் போனதை அரசி நயமாகத் திருத்துகிறாளா, இருவருக்கும் சமமரியாதை தருகிறாளா என்பதை ஒவ்வொரு நெறியாளரும் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்டாப்பார்டின் நாடகத்தில் பாதி, இந்த இரண்டு வரிகளுக்கு இடையில் இருக்கும் சந்துக்குள்ளிருந்து எழுந்தது என்றால் மிகையாகாது.

அவருக்கு முன்பே சிலர் இவர்களைக் கவனித்திருந்தார்கள். டபிள்யூ. எஸ். கில்பர்ட் 1874இல் இவர்களை வைத்து ஒரு கேலி நாடகம் எழுதினார். சிறையிலிருந்து 1897இல் எழுதிய நெடுங்கடிதத்தில் ஆஸ்கர் வைல்டு, ஒரு பெருந்துயரத்தின் அருகிலேயே நின்றும் அதை உணரும் கொள்ளளவு இல்லாத சிறு மனங்களின் நிலையான மாதிரியாக இவர்களைக் கண்டார். டி. எஸ். எலியட்டின் கவிதை நாயகன் புருஃபிராக் தன்னை இளவரசன் ஹாம்லெட்டாக அன்றி, அரசவையில் ஏவலுக்கு நிற்கும் ஒருவனாகவே எண்ணிக்கொள்கிறான். அந்தக் கவிதை தம்மை ஆழமாகப் பாதித்ததை ஸ்டாப்பார்ட் மறைத்ததில்லை. இவற்றுள் வைல்டின் வாசிப்பே கூர்மையானது. ஆனால் அது மேலே நின்று கீழே பார்க்கும் வாசிப்பு. சிறியவர்களைப் பெரியவன் ஒருவனின் துயரத்தைக் கொண்டு அளக்கிறது. ஸ்டாப்பார்ட் அந்த அளவுகோலையே தலைகீழாகத் திருப்பினார். அவருடைய மேடையில் ஹாம்லெட்தான் எங்கிருந்தோ வந்து, விளங்காத எதையோ பேசிவிட்டு, எங்கோ போய்விடும் துணைப்பாத்திரம்.

நாடகம் பிறந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்துக்குச் சென்ற இருவரும் அங்கே எந்த மன்னனைச் சந்தித்திருப்பார்கள், அது லியர் மன்னனாகக்கூட இருக்கலாமே என்று ஸ்டாப்பார்டின் முகவர் கென்னத் யூயிங் விளையாட்டாகச் சொன்ன யோசனையிலிருந்து, 1964இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவித்தொகையில் பெர்லினில் தங்கியிருந்தபோது அவர் ஓரங்க நாடகம் ஒன்றை எழுதினார். அது சரியாக அமையவில்லை. திருத்தத் திருத்த லியர் மறைந்து, எல்சினோரும் அங்கே சிக்கிக்கொண்ட இருவரும் மட்டுமே எஞ்சினார்கள். 1966 ஆகஸ்ட் 24 அன்று எடின்பரோ விளிம்பு விழாவில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழுவொன்று ஒரு சிறு அரங்கில் அதை மேடையேற்றியது. ‘அப்சர்வர்’ இதழில் ரொனால்டு பிரைடன் எழுதிய மதிப்புரையைப் படித்த தேசிய நாடக அரங்கின் இலக்கிய மேலாளர் கென்னத் டைனன் பிரதியைக் கேட்டு உடனே தந்தியடித்தார். 1967 ஏப்ரல் 11 அன்று லண்டன் ஓல்டு விக் அரங்கில் டெரெக் கோல்ட்பியின் நெறியாள்கையில் தேசிய நாடக அரங்கு அதை வழங்கியபோது ஸ்டாப்பார்டுக்கு வயது 29. அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் சென்ற நாடகம் 1968இல் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. அப்போது தேசிய அரங்கின் இயக்குநராக இருந்தவர் லாரன்ஸ் ஒலிவியர்; 1948இல் தாம் எடுத்த ‘ஹாம்லெட்’ திரைப்படத்திலிருந்து இந்த இரண்டு பாத்திரங்களையும் முழுவதுமாக நீக்கியவர் அவர். கதைக்கு எந்தச் சேதமும் இல்லாமல் நீக்கிவிடக்கூடியவர்கள் என்பதே அவர்களைப் பற்றிய முதல் உண்மை.

அபத்த நாடகம் என்ற பெயரால் இந்நாடகம் வகைப்படுத்தப்படுவதற்குப் பின்னணி உண்டு. காரணகாரியத்துக்கு ஏங்கும் மனித மனத்துக்கும் அதற்குப் பதில் சொல்லாத உலகுக்கும் இடையே எழும் பொருந்தாமையை ஆல்பெர் காம்யு 1942இல் ‘சிசிஃபஸ் தொன்மம்’ என்ற நூலில் அபத்தம் என்று விளக்கினார். அந்தப் பொருந்தாமையைக் கதைப்போக்கிலும் உரையாடலிலும் உணரச் செய்த பெக்கெட், அயனெஸ்கோ, அதமோவ் போன்றோரின் நாடகங்களை 1961இல் மார்ட்டின் எஸ்லின் ‘அபத்த அரங்கு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தார். அவற்றுள் 1953இல் பாரிஸிலும் 1955இல் லண்டனிலும் மேடையேறிய பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ ஸ்டாப்பார்டின் நாடகத்துக்கு நேரடி மூத்த உறவு. இரண்டிலும் இருவர் வெட்டவெளியில் நிற்கிறார்கள், காத்திருக்கிறார்கள், பொழுதைத் தள்ளப் பேச்சு விளையாட்டு ஆடுகிறார்கள். ஆயினும் ஒரு வேறுபாடு இரண்டையும் அடியோடு பிரிக்கிறது. கோதோ வருவாரா என்பது விளாடிமிருக்கும் எஸ்ட்ரகானுக்கும் தெரியாது, பார்வையாளருக்கும் தெரியாது; தெரியாமை அரங்கு முழுவதற்கும் பொது. ஸ்டாப்பார்டிடம் தெரியாமை ஒருபக்கம் மட்டும் இருக்கிறது. நானூறு ஆண்டாக உலகம் படித்துவரும் பிரதி ஒன்றுக்குள் அதைப் படிக்காத இருவர் நடமாடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சிரிக்கும் சிரிப்பில், தாம் அறிந்ததை அவர்களுக்குச் சொல்ல முடியாத ஒரு தவிப்பும் கலந்தே இருக்கிறது.

இந்த அமைப்பை நாடகத்தின் முதல் காட்சியே முழுமையாகக் கொண்டிருக்கிறது. இன்ன இடம் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லாத ஓர் இடத்தில் இருவரும் நாணயம் சுண்டிக்கொண்டிருக்கிறார்கள். கில்டன்ஸ்டெர்ன் தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்துச் சுண்டுகிறான், தலை விழுகிறது, ரோசன்க்ரான்ட்ஸ் அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறான். திரை விலகும்போதே ஒருவன் பை ஏறத்தாழக் காலி, மற்றவன் பை ஏறத்தாழ நிரம்பல். மறுபடி தலை, மறுபடியும் தலை. பூ விழுவதே இல்லை. எழுபதுகளில் இருக்கும் எண்ணிக்கை காட்சி நகர நகரத் தொண்ணூற்றிரண்டை எட்டுகிறது. கோணலில்லாத ஒரு நாணயம் தொடர்ந்து 92 முறை தலையாகவே விழுவதற்கான நிகழ்தகவு, அதாவது கணக்குப்படியான வாய்ப்பு, சுமார் 50 லட்சம் கோடி கோடி கோடியில் ஒன்று. ரோசன்க்ரான்ட்சுக்கு இதில் வியப்பு ஏதும் தோன்றவில்லை. நண்பனின் காசு இவ்வளவையும் எடுத்துக்கொள்கிறோமே என்ற கூச்சம்தான் சற்று இருக்கிறது. கில்டன்ஸ்டெர்னுக்கோ காசு போவது பொருட்டில்லை. இயற்கையின் ஒழுங்கு எங்கோ பிசகிவிட்டது என்பதே அவன் கவலை.

அவன் அடுக்கும் விளக்கங்கள் கவனத்துக்குரியவை. நினைவில் இல்லாத ஏதோ ஒரு பழைய குற்றத்துக்குக் கழுவாயாகத் தானே இதை உள்ளுக்குள் விரும்பி நிகழ்த்துகிறானோ என்பது ஒன்று; காலம் நின்றுபோய், ஒரே ஒரு சுண்டல்தான் திரும்பத் திரும்ப நிகழ்கிறதோ என்பது இன்னொன்று; தெய்வச் செயலோ என்பது மூன்றாவது; ஒவ்வொரு சுண்டலும் தனித்தனி என்பதால் ஒவ்வொரு முறையும் தலை விழுவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு, ஆகவே இதில் வியக்க ஏதுமில்லை என்பது நான்காவது. இவற்றோடு நில்லாமல், இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதாக முடிவொன்றைப் பெறும் தருக்க முறையிலும் அவன் முயன்று பார்க்கிறான். தருக்கம் வழுவின்றி நடக்கிறது, ஆனால் நிற்பதற்கு நிலம் அகப்படவில்லை. அவன் பட்டியலில் வராத ஐந்தாவது விளக்கம் ஒன்று உண்டு. அது அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் இருப்பது அச்சாகிவிட்ட ஒரு நாடகத்துக்குள். அங்கே தற்செயலுக்கு இடமில்லை. காசு எப்படி விழ வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அப்படித்தான் விழும். அறிவுள்ள ஒருவன் தன் அறிவை எட்டிய மட்டும் செலுத்தியும் தன் நிலையை அறிய முடியாமல் போவதற்குக் காரணம் அறிவின் குறையன்று, அவன் நிற்கும் இடம் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய மேடைக்காட்சி அரிது. முதன்முறையாகப் பூ விழுவது எப்போது என்பதும் தற்செயலன்று. வழியில் அவர்களை எதிர்ப்படும் நாடோடி நாடகக் குழுவின் தலைவன் தன் காலடியில் மிதித்துக்கொண்டிருந்த காசை, அவன் விலகியபின் ரோசன்க்ரான்ட்ஸ் குனிந்து பார்க்கிறான், அது பூ. அந்தக் கணமே ஒளி மாறுகிறது, எல்சினோர் அவர்களை வந்து சூழ்ந்துகொள்கிறது, ஷேக்ஸ்பியரின் வரிகள் தொடங்கிவிடுகின்றன. திறனாய்வாளர்கள் இதைப் பலவாறு விளக்குவார்கள். விடாமல் தலை விழுந்தது ஓர் எச்சரிக்கை, கதை அவர்களைப் பற்றிக்கொண்டபின் அதற்கு வேலையில்லை என்று கொள்வதே நாடகத்தின் நடையோடு ஒத்துப்போகிறது.

நினைவும் இப்படித்தான் அளந்து தரப்பட்டிருக்கிறது. அவர்களுடைய இறந்தகாலம் ஒரு விடியலுக்கு முந்தைய இருட்டில் தொடங்குகிறது. குதிரைச் சேணத்தின்மேல் ஏறி நின்ற ஒருவன் சன்னல் கதவைத் தட்டி இவர்கள் பெயரைக் கூவி அழைத்தான், அரச ஆணை, அவசரம், உடனே புறப்பட்டார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று முயன்றும் அவர்களால் எதையும் நினைவுகூர முடியவில்லை. துணைப்பாத்திரத்துக்கு முன்கதை இல்லை என்ற நாடகத் தொழில்நுட்பச் செய்தியை, வாழும் ஒருவன் உள்ளிருந்து உணர்ந்தால் எப்படி இருக்கும் என்பதையே இங்கே ஸ்டாப்பார்ட் எழுதியிருக்கிறார். பெயரும் அவ்வாறே. குழுத் தலைவனிடம் அறிமுகம் செய்துகொள்ளும்போது ரோசன்க்ரான்ட்ஸ் தன்னைக் கில்டன்ஸ்டெர்ன் என்று சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்கிறான்; அரண்மனையில் ஒவ்வொருவரும் மாற்றி மாற்றி அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, எந்தப் பெயர் கூப்பிட்டாலும் இருவரும் திரும்பிப் பார்க்கும் நிலை வந்துவிடுகிறது. ஒருவன் பெயர் அவனுக்கு உரியதாவது பிறர் அவனை அடையாளம் கண்டு அழைப்பதால்தான் என்றால், அடையாளம் காணும் அக்கறை எவருக்கும் இல்லாத இடத்தில் பெயர் தானே கழன்றுவிடும்.

மொழியின் நிலை இன்னும் இக்கட்டானது. முதல் அங்கத்தில் இருவரும் ஆடும் கேள்வி விளையாட்டு, இந்நாடகத்தைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் தவறாமல் எடுத்துக்காட்டும் பகுதி. கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்ல வேண்டும். சாதாரண வாக்கியம் சொன்னால் தவறு, முன்பு கேட்டதையே கேட்டால் தவறு, தொடர்பில்லாமல் பேசினால் தவறு, விடையை எதிர்பாராத அணிவினா கேட்டாலும் தவறு. டென்னிஸ்போலப் புள்ளி எண்ணிக்கொண்டே ஆடும் இந்த ஆட்டத்தின் நடுவில், தாங்கள் யார், இங்கே என்ன நடக்கிறது என்ற உண்மையான கேள்விகள் எழுகின்றன. எழுந்ததும் அவையும் புள்ளிகளாகிவிடுகின்றன. ஆட்டம் பொழுதுபோக்காகத் தெரிந்தாலும் அது ஒத்திகை. இரண்டாம் அங்கத்தில் ஹாம்லெட்டை விசாரித்துவிட்டு வரும்போது ரோசன்க்ரான்ட்ஸ் அதே முறையில் கணக்குப் பார்க்கிறான்: இருபத்தேழுக்கு மூன்று என்று ஹாம்லெட்டிடம் தோற்றிருக்கிறார்கள். விசாரிக்கப் போனவர்கள் விசாரிக்கப்பட்டுத் திரும்பினார்கள். ஷேக்ஸ்பியரின் காட்சியில் இளவரசனின் கூர்மதியாக ரசிக்கப்படும் அதே பேச்சு, எதிரே நிற்பவரின் பக்கத்திலிருந்து கேட்கும்போது வெறும் புரியாமையாக வந்து மோதுகிறது. ‘ஹாம்லெட்’ நாடகத்துக்கு ஸ்டாப்பார்ட் வழங்கிய மிகச் சிறந்த உரை இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

திசை, இடம் ஆகியவை பற்றிய தடுமாற்றமும் இதனோடு சேர்ந்தது. காற்றின் திசை பற்றி ஹாம்லெட் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கை நம்பி, சூரியன் எங்கே இருக்கக்கூடும், காற்று எங்கிருந்து வீசக்கூடும் என்று கணக்கிட்டுத் தெற்கைக் கண்டுபிடிக்க முயல்கிறார்கள். மேடையில் சூரியனும் இல்லை, காற்றும் இல்லை. எவரும் மேடைக்கு வருவதைத் தடுக்கவோ எங்கும் போகவோ அவர்களால் முடிவதில்லை. மூன்றாம் அங்கம் முழு இருட்டில் தொடங்குகிறது; ஒலிகளைக் கேட்டுத்தான் தாங்கள் கப்பலில் இருப்பதையே உணர்கிறார்கள். கப்பலைக் கில்டன்ஸ்டெர்ன் விரும்புகிறான். கப்பலின் மேல்தளத்தில் விருப்பப்படி நடக்கலாம், திரும்பலாம்; ஆனால் கப்பல் போகும் திசையில்தான் அனைத்தும் போய்க்கொண்டிருக்கும். சுதந்திரம், விதி என்ற பழைய தத்துவச் சிக்கலை விளக்க எடுத்த உவமையாக மட்டும் இதைப் படிப்பவர்கள், அதைச் சொல்பவன் அந்த எல்லைக்குள் நிம்மதி காண்கிறான் என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.

குழுத் தலைவன் இவர்களுக்கு நேர்மாறானவன். முடிவு எழுதப்பட்டுவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். சாக வேண்டியவர்கள் சாவார்கள் என்பதே அவனுடைய கலைக்கொள்கை. நிச்சயமின்மையோடு வாழ்வது எப்படி என்று அவன் கற்றுக்கொண்டது தொழிலினால். ஆனால் அவனுக்கும் ஒரு காயம் உண்டு. முதல் அங்கத்தில் நடிப்பைத் தொடங்கிய குழுவை விட்டுவிட்டு இருவரும் மறைந்துபோனதால், ஆளில்லாத வெளியில் தாங்கள் நடித்துக்கொண்டிருந்ததை அறிந்தபோது நேர்ந்த அவமானத்தை அவன் சொல்லும் பேச்சு, நாடகத்திலேயே அடிவயிற்றிலிருந்து எழும் குரல். பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற ஒற்றை நம்பிக்கையின்மேல் நிற்பவன் நடிகன். அது போனால் அவன் இல்லை. ஆட்டைத் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒரு நடிகனை, நாடகத்தின் நடுவிலேயே உண்மையாகத் தூக்கிலிட அனுமதி வாங்கிய கதையையும் அவன் சொல்கிறான். அந்தச் சாவை யாரும் நம்பவில்லை. அவன் அழுதுகொண்டே நின்றான், பார்வையாளர் ஏளனம் செய்தார்கள். 1921இல் பிராண்டெல்லோ ‘ஆசிரியரைத் தேடும் ஆறு பாத்திரங்கள்’ நாடகத்தில் எழுப்பிய வினாவை, அதாவது மேடையில் மெய் எது, நடிப்பு எது என்பதை, ஸ்டாப்பார்ட் சாவின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார். குழு ஒத்திகை பார்க்கும் ஊமைக்காட்சியில் இங்கிலாந்தில் கொல்லப்படும் இரண்டு ஒற்றர்கள் வருகிறார்கள். அவர்கள் அணிந்திருப்பது இவர்களுடையவற்றைப் போன்ற அதே மேலங்கிகளை. ரோசன்க்ரான்ட்ஸ் ஒருவனை நெருங்கிப் போய், எங்கோ பார்த்த முகம்போல இருக்கிறதே என்று தடுமாறுகிறான். அங்கியைத் தொட்டும் பார்க்கிறான். விரல்நுனிவரை வந்த அறிவு உள்ளே போகாமல் நின்றுவிடும் அந்தச் சில நொடிகளைப் பல நெறியாளர்கள் சிரிப்புக்காக அவசரமாகக் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

இதுவரை சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் இருவரும் குற்றமற்றவர்கள் என்றே முடிவு கட்டலாம். அவர்களைக் கிளாடியஸின் அடியாட்களாக அல்லாமல் திகைத்து நிற்கும் அப்பாவிகளாகவே பார்த்ததாக ஸ்டாப்பார்டும் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் எழுதிய காட்சி அந்தக் கூற்றைவிடக் கடுமையானது. ஷேக்ஸ்பியர் விடை தராமல் விட்ட கேள்விக்கு மூன்றாம் அங்கத்தில் அவர் விடை தருகிறார்: கப்பலில் இருவரும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள். ஹாம்லெட் கொல்லப்படப் போகிறான் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. நாடகம் முழுவதிலும் ஐயத்துக்கு இடமில்லாமல் அவர்கள் ஒன்றை அறியும் முதல் தருணம் இது. பார்வையாளருக்கு நிகரான அறிவை அவர்கள் பெறுவதும் இங்கேதான். ரோசன்க்ரான்ட்ஸ் கலங்குகிறான், அவன் நம் நண்பனாயிற்றே என்கிறான். அப்போது கில்டன்ஸ்டெர்ன் வாதம் தொடுக்கிறான்: எல்லோரும் ஒருநாள் சாகப் பிறந்தவர்கள், சாவு கெட்டதா நல்லதா என்று யாருக்குத் தெரியும், அரசர்களின் காரியத்தில் குறுக்கிடச் சிறியவர்களான தங்களுக்கு என்ன தகுதி, பின்னணி முழுவதும் தெரியாமல் தலையிடுவது அகந்தை. கடிதம் திரும்ப முத்திரையிடப்படுகிறது. முதல் காட்சியில் உண்மையைத் தேடிய அதே தருக்கம், இங்கே உண்மையிலிருந்து தப்பிக்கும் வழியாகிறது. தெரியாமை அவர்கள்மேல் சுமத்தப்பட்ட சுமையாக இருந்தது இதுவரைதான். இனி அது அவர்கள் தேடிப் போர்த்துக்கொண்ட போர்வை. மேலதிகாரியின் உறையை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தும் தெரியாதவர்போல் கொண்டுசேர்த்த எண்ணற்ற சிறு ஊழியர்களைக் கண்ட நூற்றாண்டில் எழுதப்பட்ட காட்சி இது என்பதை மறந்துவிடக் கூடாது. அன்றிரவே ஹாம்லெட் கடிதத்தை மாற்றுகிறான். கடற்கொள்ளையர் தாக்குதலில் அவன் மறைந்தபின் அவர்கள் மறுபடி கடிதத்தைப் பிரிக்கும்போது, எழுதியிருப்பது அவர்களுடைய சாவு.

திறனாய்வு வரலாற்றில் இந்தக் காட்சிக்கு உரிய இடம் தாமதமாகவே கிடைத்தது. நியூயார்க் அரங்கேற்றத்தின்போது ராபர்ட் பிரஸ்டீன் இந்நாடகத்தை ஷேக்ஸ்பியர்மீதும் பெக்கெட்மீதும் படர்ந்த ஒட்டுண்ணியாகக் கண்டார். அறிவுச் சாமர்த்தியம் மிகுதி, உணர்வு குறைவு என்ற குற்றச்சாட்டு அதன்பின் ஸ்டாப்பார்டை நெடுங்காலம் தொடர்ந்தது. பெக்கெட்டின் நிழல் மறுக்க முடியாதது என்பதால் அந்தக் கண்டனத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் இரவல் பிரதிக்குள் வாழ்வதையே பொருளாகக் கொண்ட ஒரு நாடகத்தை, இரவல் வாங்கியது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது பாதி வாசிப்பு. 1973இல் நார்மண்டு பெர்லின், இந்நாடகம் பார்வையாளரை உணர்ச்சிவயப்படுத்தாமல் திறனாய்வாளராக்கிச் சிந்திக்க வைக்கிறது என்று காட்டினார். 1979இல் வெளிவந்த விக்டர் கானின் நூல், ஸ்டாப்பார்டை அபத்தத்துக்கு அப்பால் சென்றவராகக் கொண்டது. கடிதக் காட்சியின் அறப்பொறுப்பைத் தெளிவாக முன்னிறுத்தியது 1981இல் வில்லியம் குரூபர் எழுதிய கட்டுரை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்பட்டது, அவர்கள் அதைத் தவறவிட்டார்கள் என்ற அவருடைய வாசிப்புக்குப் பிறகு இந்நாடகத்தை வெறும் விதியின் கதையாகச் சொல்வது எளிதன்று. 2001இல் ஜான் ஃபிளெமிங், ஸ்டாப்பார்டின் படைப்புகள் முழுவதையும் சீர்குலைவின் நடுவே ஒழுங்கைத் தேடும் முயற்சியாக வாசித்தார். தம் நாடகங்களில் ஒற்றைத் தெளிவான கூற்று கிடையாது, ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகளின் தொடரே உண்டு என்று 1974இல் ஸ்டாப்பார்ட் ஒரு நேர்காணலில் சொன்னதை அதன்பின் எழுதியவர்கள் பலரும் ஏதோ ஒரு வகையில் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

வாழ்க்கை வரலாற்று நோக்கிலான வாசிப்பும் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றிருக்கிறது. ஸ்டாப்பார்ட் 1937இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லீன் நகரில் தொமாஷ் ஸ்ட்ராய்ஸ்லர் என்ற பெயரில் பிறந்தவர். பாட்டா காலணி நிறுவனத்தின் மருத்துவரான தந்தை, நாஜிப் படை நுழைந்த 1939இல் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குத் தப்பினார். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்வதற்கு முன் தாயும் இரு மகன்களும் கப்பலேறி இந்தியா வந்தார்கள். பின்னால் புறப்பட்ட தந்தை உயிருடன் வந்து சேரவில்லை. டார்ஜீலிங்கில் பள்ளிப் படிப்பு, தாயின் மறுமணத்தால் புதிய குடும்பப் பெயர், 1946இல் இங்கிலாந்து. பெற்றோர் இருவர் வழியிலும் தாம் யூதர் என்பதையும், தாத்தா பாட்டிமார் நால்வரும் நாஜிக் கொடுமையில் மாண்டதையும் அவர் 1990களில்தான் அறிந்தார். 1999இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பெயர் நழுவுவது, முன்கதை மறந்துபோவது, இருட்டில் கப்பலேறுவது ஆகியவற்றை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும் ஆவல் இயல்பானதே. 2020இல் வெளியான ஹெர்மியோன் லீயின் விரிவான வாழ்க்கை வரலாறு அதற்கு நிறையப் பொருள் தருகிறது. ஆனால் நாடகத்தை எழுதியபோது அந்த உண்மைகளில் பெரும்பகுதி எழுதியவருக்கே தெரியாது. ஆகவே அதை நாடகத்தின் திறவுகோலாகக் கொள்வது பொருந்தாது. தன் முன்கதை தெரியாமலே ஒருவர் தன்னை எழுதிவிட முடியும் என்ற வியப்போடு நிறுத்திக்கொள்வதே நேர்மையாகும்.

1990இல் ஸ்டாப்பார்ட் தாமே இயக்கி, கேரி ஓல்டுமனும் டிம் ராத்தும் நடித்த திரைப்படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. படத்தில் ரோசன்க்ரான்ட்ஸ் இயற்பியல் விதிகளைத் தற்செயலாகக் கண்டுபிடித்துக்கொண்டே போகிறான், நண்பன் அதைக் கவனிப்பதில்லை. அழகான சேர்க்கைதான். ஆயினும் உண்மையான கோட்டைச் சுவர்களும் காடும் வந்துவிட்டபின், எங்கே இருக்கிறோம் என்று தெரியாத வெற்று மேடையின் அச்சம் குறைந்துவிட்டது. இந்த நாடகத்துக்கு மேடையே வேண்டும்.

அதற்குச் சான்று அதன் முடிவு. சாவைப் பற்றி நாளெல்லாம் நடித்துக் காட்டும் குழுத் தலைவனுக்கு மெய்யான சாவு என்னவென்று தெரியாது என்று வெகுண்ட கில்டன்ஸ்டெர்ன், அவனுடைய இடுப்புக் கத்தியை உருவி அவன் கழுத்தில் செருகுகிறான். அவன் துடித்து விழுந்து சாகிறான்; அரங்கு உறைந்துபோகிறது. பிறகு அவன் குழுவினர் கைதட்டுகிறார்கள், அவன் எழுந்து நிற்கிறான். அலகு கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் மேடைக் கத்தி அது. அறிவாளியான கில்டன்ஸ்டெர்ன் கடைசியாக ஒருமுறை ஏமாந்திருக்கிறான், அவனோடு பார்வையாளரும் முதன்முறையாக ஏமாந்திருக்கிறார்கள். அதன்பின் இருவரின் சாவுக்கு வாளும் இல்லை, தூக்குக் கயிறும் இல்லை. தொடக்கத்தில் எப்போதாவது மறுத்துச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு தருணம் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறார்கள், அது எது என்று பிடிபடவில்லை. ரோசன்க்ரான்ட்ஸ் ஒளியிலிருந்து மறைகிறான். சற்று நேரம் கழித்து, பேசிக்கொண்டிருக்கும்போதே கில்டன்ஸ்டெர்னும் இல்லாமல் போகிறான்.

உடனே மேடை முழுவதும் வெளிச்சம் பரவுகிறது; ‘ஹாம்லெட்’ நாடகத்தின் இறுதிக் காட்சியில் அரசனும் அரசியும் ஹாம்லெட்டோடு வாட்போரிட்ட லேயர்டிசும் ஹாம்லெட்டும் பிணங்களாகக் கிடக்கிறார்கள். தூதர் வந்து அந்த வரியைச் சொல்லி, தமக்கு யார் நன்றி கூறுவார் என்று கேட்கிறார். அவரும் பெயரில்லாத ஒரு துணைப்பாத்திரம். கடல் கடந்து செய்தி கொண்டுவந்து, அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். ஹொரேஷியோ விடை சொல்கிறான்: அவர்களைக் கொல்ல அரசன் ஒருபோதும் ஆணையிடவில்லை. ஆணையிட்டவன் யார் என்பது ஹொரேஷியோவுக்குத் தெரியும், ஹாம்லெட்டே அவனிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் அந்த மண்டபத்தில் அவன் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நடந்ததையெல்லாம் விளக்கப் போவதாக அவன் பேச்சைத் தொடர்கிறான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப்பார்டின் மேடையில் இசை எழுந்து அவன் குரலை மூடுகிறது, இருள் வந்து அவனையும் மூடுகிறது.